ஒன்பதாயிரம் பாட்டுகளை எப்படி அடுக்கினால் சிறிய பிளேயரில் வரிசை கலையாமல் வரும்?

உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன்; சரியாகப் புரிந்துகொண்டேனா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். கணினியில் ஏறக்குறைய ஒன்பதாயிரம் எம்பி3 கோப்புகள். பாதி, உங்கள் அப்பா கேசட்டில் பிடித்து வைத்திருந்த கச்சேரிகள். மீதி திரைப்பாடல்கள். கச்சேரிகளைத் துண்டு துண்டாக வெட்டி, தோடி, கல்யாணி, காம்போஜி என்று ராகத்தின் பெயரில் கோப்புறை போட்டு அடுக்கியிருக்கிறீர்கள். புதிதாக வாங்கிய கையடக்க பிளேயரில் ஏற்றியதும் வரிசை கலைந்துவிட்டது. ஒரே பாடகி நான்கு இடத்தில் வருகிறார். ஒரு படத்தின் ஆறு பாட்டுகள் ஆறு ஆல்பங்களாகச் சிதறிக் கிடக்கின்றன. தமிழ்ப் பெயர்கள் கட்டங்கட்டமாகத் தெரிகின்றன. இரண்டாவது முறை ஒத்திசைத்தபோது சில கோப்புகள் இரட்டித்துவிட்டன. இவ்வளவையும் சொல்லிவிட்டு, “ராகவாரியாக அடுக்கியது தவறா, பாடகர்வாரியாக மாற்றட்டுமா?” என்று முடித்திருக்கிறீர்கள்.

மாற்றினாலும் இந்தத் தொல்லைகளில் ஒன்றுகூடத் தீராது என்பதுதான் சுருக்கமான பதில். பாடகர்வாரியாக அடுக்கி முடித்த மறுநாளே வீட்டில் யாராவது “அந்தக் காம்போஜி எங்கே?” என்று கேட்பார்கள். ஒரு பொருளை நாலு வாசல் வழியாகத் தேட வேண்டியிருக்கிறது, வைப்பதற்கு இருப்பதோ ஒரே இடம். உங்கள் கேள்வியின் அடியில் இருக்கும் சிக்கல் இது. நூலகத்துக்கு இது மிகப் பழைய சிக்கல். நான் முப்பது ஆண்டுகள் நூற்பட்டியல் தயாரித்தே காலம் தள்ளியவன். ஓய்வுபெற்ற பின் தெரிந்தவர்களின் கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றித் தருகிறேன். ஆகவே பாட்டையும் புத்தகமாகப் பார்க்கிற கோளாறு எனக்கு உண்டு. ஒலிப் பொறியியல் படித்தவன் அல்லன். பழகித் தெரிந்ததைச் சொல்கிறேன்.

சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். 1933இல் அவர் வெளியிட்ட கோலன் பகுப்பு முறையின் அடிப்படை எளிமையானது: ஒரு நூலின் பொருளுக்குப் பல முகங்கள் உண்டு, ஒவ்வொரு முகத்தையும் தனித்தனியே குறித்துப் பின் ஒன்றாகக் கோக்க வேண்டும். ஆனாலும் அவர் நூலகத்தில்கூட ஒரு புத்தகம் ஓர் அலமாரியில் ஓர் இடத்தில்தான் நிற்க முடிந்தது. மற்ற முகங்களுக்கெல்லாம் பட்டியல் அட்டைகள்: ஆசிரியர் பெயரில் ஓர் அட்டை, தலைப்பில் ஓர் அட்டை, பொருளில் ஓர் அட்டை. மூன்று அட்டையும் ஒரே அலமாரி எண்ணைக் காட்டும். உங்கள் கணினியில் கோப்புறைதான் அலமாரி. பாட்டின் பெயர், பாடகர், ஆல்பம் என்று எம்பி3 கோப்புக்குள்ளேயே எழுதப்படும் டேக்தான் அட்டை. நீங்கள் அட்டையின் வேலையை அலமாரியிடம் கொடுத்திருக்கிறீர்கள், அட்டைகளையோ யார் யாரோ கிறுக்கியபடியே விட்டுவைத்திருக்கிறீர்கள். கோளாறு முழுக்க இங்கிருந்துதான் கிளம்புகிறது.

அலமாரியில் எந்த ஒழுங்கு வேண்டும்? என்றும் மாறாத ஒன்று. ராகம் மாறாததுதானே என்பீர்கள். பல ராகங்களைக் கோத்த ராகமாலிகையை எங்கே வைப்பீர்கள்? ஒரு பதிவைப் பைரவி என்று போட்டுவிட்டு, விஷயம் தெரிந்த மாமா ஒருவர் வந்து கேட்டு “இது முகாரி” என்றால் கோப்பைத் தூக்கிக்கொண்டு அலைவீர்களா? ஆனால் அந்தப் பதிவு எந்தக் கச்சேரியைச் சேர்ந்தது என்பது மாறவே மாறாது. எந்த உருவில் அது உங்களிடம் வந்து சேர்ந்ததோ அதுவே அலமாரி. கச்சேரியென்றால் கச்சேரி, படமென்றால் படம். கர்னாடகம் என்று ஒரு பெரிய கோப்புறை, அதற்குள் பிரதான கலைஞர், அதற்குள் ஆண்டு–மாதம்–நாள், ஊர், சபா என்று பெயரிட்ட கச்சேரிக் கோப்புறை. அதற்குள் 01 வர்ணம் தொடங்கி மங்களம் வரை. திரை என்று இன்னொன்று, அதற்குள் ஆண்டும் படத்தின் பெயரும். ஆண்டு கட்டாயம் வேண்டும். பில்லா என்ற பெயரில் 1980இலும் ஒரு படம், 2007இலும் ஒரு படம். ஆண்டு இல்லாமல் வைத்தால் இரண்டும் ஒரே ஆல்பமாகக் கலந்து, ஒரு தலைமுறையின் பாட்டும் அடுத்த தலைமுறையின் பாட்டும் மாறிமாறி ஒலிக்கும். மூன்று அடுக்குக்கு மேல் போகாதீர்கள். சிறிய பிளேயரின் ஒற்றைப் பொத்தானில் ஐந்தாம் அடுக்குக்கு இறங்குவது கிணற்றில் இறங்குகிற மாதிரி.

கேசட்டில் தேதி இல்லாத கச்சேரிகள் நிறைய இருக்கும். ஊகித்துத் தேதி போடாதீர்கள், நாளைக்கு நீங்களே அதை உண்மை என்று நம்பிவிடுவீர்கள். நாங்கள் நூலகத்தில் சதுர அடைப்புக்குள் 197 என்று எழுதி ஒரு சிறு கோடு போடுவோம். பத்தாண்டு உறுதி, ஆண்டு தெரியாது என்று அதற்குப் பொருள். கேள்விக்குறியும் சேர்த்தால் பத்தாண்டே ஊகம் என்று பொருள். கோப்புப் பெயரில் இந்தக் கேள்விக்குறியைப் போட முடியாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். விண்டோஸும், ஃபேட் என்ற கோப்பு அமைப்பு முறையில் உள்ள மெமரி கார்டுகளும் ஒன்பது குறிகளை ஏற்பதில்லை: இருவகைச் சாய்கோடு, செங்குத்துக் கோடு, கோணக் குறிகள் இரண்டு, உடுக்குறி, இரட்டை மேற்கோள், கேள்விக்குறி, முக்காற்புள்ளி. கடைசியாகச் சொன்ன முக்காற்புள்ளிதான் கோலன். ரங்கநாதன் தம் முறைக்கே பெயராக வைத்த குறியை அவர் ஊர்க்காரர்கள் கோப்புப் பெயரில் எழுத முடியவில்லை! “ஊகம்” என்றே எழுதிவிடுங்கள்.

கோப்பின் முன்னால் போடும் எண் இரண்டு இலக்கமாக இருக்கட்டும். 1, 2, 3 என்று போட்டால் பல பிளேயர்கள் 1, 10, 11, 2 என்று எழுத்து எழுத்தாக ஒப்பிட்டு அடுக்கும். வர்ணம் முடிந்ததும் மங்களம் வரும்.

அடுத்தது அட்டை. நீங்கள் அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இது. எம்பி3 டேக் முறைக்கு ஐடி3 என்று பெயர், அதில் இரண்டு தலைமுறை உண்டு. 1996இல் வந்த முதல் ஐடி3 என்பது கோப்பின் வால்பக்கத்தில் ஒட்டிய 128 பைட் துண்டு. தலைப்புக்கு 30, கலைஞருக்கு 30, ஆல்பத்துக்கு 30 பைட், அவ்வளவுதான். வகை என்ற இடத்தில் பெயரை எழுதக்கூட முடியாது. 80 வகைகள் கொண்ட ஒரு பட்டியலிலிருந்து எண்ணைத்தான் போடலாம். அதில் போல்கா நடனத்துக்கு இடமுண்டு, கர்னாடக இசைக்கு இல்லை. இரண்டாம் தலைமுறை கோப்பின் தலைப்பக்கத்தில் உட்காரும். அதற்கு நீளக் கட்டுப்பாடு கிடையாது என்றே வைத்துக்கொள்ளலாம், தமிழையும் ஏற்கும். உங்கள் கோப்புகள் பலவற்றில் இரண்டும் இருக்கும், இரண்டும் வேறு வேறாகவும் இருக்கும். தலையில் நீங்கள் திருத்தியது, வாலில் பத்து வருடத்துக்கு முன் யாரோ எழுதியது. சில மலிவு பிளேயர்கள் வாலைத்தான் படிக்கின்றன.

தமிழ் அந்த வாலில் என்ன ஆகும் என்று ஒரே ஒரு பெயரை வைத்துப் பாருங்கள். யூனிகோடு எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். குறி என்றால் எழுத்தும் அதன்மேல் ஏறும் புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனி. “எம். எஸ். சுப்புலட்சுமி” என்று எழுத 61 பைட் வேண்டும். 30 பைட் பெட்டியில் அதைத் திணித்தால் “எம். எஸ். சு” வரை 28 பைட் ஆகிவிடும். மீதி இரண்டு பைட்டில் “ப” முழுதாக நுழையாது. அதன் மூன்றில் இரண்டு பங்கு ஒரு கறுப்புக் கட்டமாக நிற்கும். வேறு சில மென்பொருள்கள் இதைத் தவிர்க்கிறேன் என்று எல்லாவற்றையும் கேள்விக்குறிகளாக்கிவிடும். ஆகவே வாலை ஒட்ட நறுக்கிவிடுங்கள். எம்பி3டேக் போன்ற இலவச மென்பொருளில் முதல் தலைமுறை டேக்கை நீக்கு, இரண்டாம் தலைமுறையை 2.3 பதிப்பாக யூடிஎஃப்-16இல் எழுது என்று அமைத்துக்கொண்டு எல்லாக் கோப்புகளையும் ஒருமுறை சேமித்தால் போதும். 2.4 என்ற புதிய பதிப்பும் உண்டு, 2000ஆம் ஆண்டிலேயே வந்தது. ஆனால் பழைய கருவிகள் பல அதைச் சரியாகப் படிப்பதில்லை. எல்லாக் கருவிக்கும் பொதுவான மொழி 2.3தான்.

நறுக்கிய பிறகும் கட்டங்கள் தெரிந்தால் குற்றம் டேக்கில் இல்லை. பிளேயருக்குள் தமிழ் எழுத்துருவே கிடையாது என்று பொருள். எழுத்துரு இருந்தும், கொம்பை எழுத்துக்கு முன்னால் கொண்டுவரத் தெரியாத கருவிகளும் உண்டு. “கெ” என்பதைக் ககரத்துக்குப் பின்னால் கொம்பு தொங்குகிற மாதிரி காட்டும். இதை நம்மால் திருத்த முடியாது. அப்படியானால் பிளேயருக்குப் போகும் நகலில் மட்டும் பெயர்களை ரோமன் எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கணினியில் இருக்கும் மூலத்தில் தமிழ் அப்படியே இருக்கட்டும். இன்னொன்று: யூனிகோடு பரவுவதற்கு முன் திஸ்கி போன்ற எழுத்துரு முறைகளில் எழுதப்பட்ட டேக்குகள் கணினியிலும் சேர்த்தே அலங்கோலமாகத் தெரியும். அவற்றை எழுத்துரு மாற்றித் தரும் இணையப் பக்கங்களில் ஒட்டி மீட்டுக்கொள்ளலாம். அழித்துவிடாதீர்கள், யாரோ உட்கார்ந்து தட்டிய உழைப்பு அது.

ஒரே பாடகி நான்கு இடத்தில் வருவதற்குக் காரணம் முதலெழுத்துகள். புள்ளியும் இடைவெளியும் போட்டு ஒருவர், புள்ளி மட்டும் போட்டு ஒருவர், இரண்டும் இல்லாமல் ஒருவர், முன்னால் டாக்டர் சேர்த்து ஒருவர். இயந்திரத்துக்கு இவர்கள் நால்வர். நூலகத்தில் இதற்கென்றே ஒரு பெயர்ப் பட்டியல் வைத்திருப்போம். எந்த ஆசிரியர் பெயரை எழுதும் முன்னும் அதைப் புரட்டி, அதில் உள்ளபடியே எழுத வேண்டும். புதிதாகச் சேர வந்த இளைஞர்கள் இதை எரிச்சலோடு செய்வார்கள், ஆறு மாதத்தில் புரிந்துகொள்வார்கள். நீங்களும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். கலைஞர் அறுபது பேர், பாட்டை இயற்றிய வாக்கேயக்காரர் முப்பது பேர், ராகம் நூறு இருக்கும். அதற்கு மேல் போகாது. ரோமன் எழுத்தில் வைப்பவர்களுக்கு இது இன்னும் அவசியம். தோடியை ‘எச்’ சேர்த்தும் எழுதலாம், சேர்க்காமலும் எழுதலாம். தியாகராஜருக்கும் அப்படியே. காம்போஜிக்கு நானே மூன்று எழுத்துக்கூட்டல் பார்த்திருக்கிறேன், மூன்றும் ஒரே வீட்டில்.

ராகத்தை அட்டையில் எங்கே எழுதுவது? ஐடி3 வகுத்தவர்கள் ராகத்துக்கென்று ஓர் இடம் விடவில்லை. குறிப்பு என்ற இடத்தில் எழுதலாம்தான், ஆனால் குறிப்பை வைத்துத் தேட விடும் சிறு பிளேயர் எதுவும் என் கையில் அகப்படவில்லை. நான் செய்வது இது: கர்னாடகக் கோப்புகளில் வகை என்ற இடத்திலேயே ராகத்தை எழுதிவிடுவேன். இரண்டாம் தலைமுறை டேக்கில் எதையும் எழுதலாம். பிளேயரின் வகைப் பட்டியலைத் திறந்தால் ஆபோகி, ஆனந்தபைரவி என்று ராகப் பட்டியலே விரியும். நீங்கள் ராகக் கோப்புறைகள் போட்டு அடைய நினைத்தது இதைத்தான். கோப்பை ஓர் அங்குலம்கூட நகர்த்தாமல் கிடைத்துவிடுகிறது. இயற்றியவர் என்ற இடத்தில் வாக்கேயக்காரர். கலைஞர் இடத்தில் பிரதான பாடகர். தலைப்பில் கிருதியின் பெயரும் ராகமும். பக்கவாத்தியக்காரர்கள் குறிப்பில் இருக்கட்டும். அங்கே தேட முடியாவிட்டாலும் அவர்கள் பெயர் பதிவோடு கூடவே இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். இது எல்லோரும் ஒப்புக்கொண்ட முறை என்று சொல்ல மாட்டேன். கணினி மென்பொருள்களில் ராகம் என்றே தனி இடம் உருவாக்கிக்கொள்வதுதான் தூய்மையான வழி. சிறு பிளேயர் அதைப் படிக்காது என்பதால் நான் குறுக்கு வழியில் போகிறேன்.

திரைப்பாட்டில் ஆல்பம் ஆறாக உடைவதற்கு வேறு காரணம். பல பிளேயர்கள் ஆல்பத்தின் பெயரையும் கலைஞரின் பெயரையும் சேர்த்துப் பார்த்துத்தான் இது ஓர் ஆல்பம் என்று முடிவுசெய்கின்றன. ஒவ்வொரு பாட்டுக்கும் பாடகர் வேறு, ஆகவே ஆறு ஆல்பம். ஆல்பக் கலைஞர் என்று தனியாக ஓர் இடம் உண்டு. ஆறு பாட்டிலும் அதில் இசையமைப்பாளர் பெயரை ஒரே மாதிரி எழுதினால் ஆறும் ஒன்று கூடிவிடும். தமிழ்த் திரைப்பாட்டை நாம் இசையமைப்பாளர் வழியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறோம் என்பதால் இது பொருத்தமும்கூட. உங்கள் பிளேயர் ஆல்பக் கலைஞரைப் படிக்காத ரகமாக இருந்தால், பிளேயருக்கான நகலில் மட்டும் கலைஞர் இடத்தில் இசையமைப்பாளரை எழுதிப் பாடகர்களைத் தலைப்போடு ஒட்டிவிடுங்கள். அழகில்லை, ஆனால் வேலை நடக்கும். இணையத்திலிருந்து இறக்கிய பாட்டுகளில் ஒவ்வொரு தலைப்பின் வாலிலும் ஏதோ ஒரு தளத்தின் பெயர் தொங்கும். கண்டுபிடித்து மாற்றும் கட்டளையால் ஆயிரம் கோப்பிலும் ஒரே வீச்சில் துடைத்துவிடலாம்.

இனி பிளேயர். உங்கள் கருவியை நான் பார்க்கவில்லை, ஆகவே அது எந்த ரகம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஐந்து நிமிடத்தில் நீங்களே கண்டுபிடிக்கலாம். ஏதாவது மூன்று பாட்டை எடுத்து, கோப்பின் பெயரை அ, ஆ, இ என்று மாற்றுங்கள் (கட்டம் காட்டும் கருவியென்றால் ஏ, பி, சி என்று ரோமன் எழுத்தில்). டேக்கில் வரிசை எண்ணைத் தலைகீழாகப் போடுங்கள்: அ-வுக்கு 3, ஆ-வுக்கு 2, இ-க்கு 1. மூன்றிலும் ஆல்பம், கலைஞர் ஒன்றாக இருக்கட்டும். பிளேயரில் ஒரு காலிக் கோப்புறை உருவாக்கி, முதலில் ஆ-வை மட்டும் நகலெடுங்கள், பிறகு இ, கடைசியில் அ. இப்போது ஓட்டிப் பாருங்கள். அ, ஆ, இ என்று ஓடினால் உங்கள் பிளேயர் கோப்பின் பெயரைப் பார்க்கிறது. இ, ஆ, அ என்று ஓடினால் டேக்கைப் பார்க்கிறது. ஆ, இ, அ என்று ஓடினால் எதையுமே பார்க்கவில்லை, எந்த வரிசையில் வந்து விழுந்ததோ அந்த வரிசையில் ஓட்டுகிறது. மலிவு பிளேயர்களும் கார் ஸ்டீரியோக்களும் பெரும்பாலும் மூன்றாம் ரகம். உங்கள் வரிசை கலைந்ததற்கு இதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஃபேட் முறையில் கோப்புறை என்பது வருகைப் பதிவேடு மாதிரி. வந்தவர் வந்த வரிசையில் பெயர் எழுதப்படும். நடுவில் ஒரு கோப்பை அழித்தால் அந்த வரி காலியாகும், அடுத்து வரும் கோப்பு அதில் உட்காரும். நேற்று ஏற்றிய பாட்டு எட்டாம் இடத்தில் வந்து நிற்பது இப்படித்தான். கணினி நமக்கு அகர வரிசையில் காட்டுவதால் இது கண்ணுக்குத் தெரிவதில்லை. பரிகாரம் இரண்டு. கோப்புறையை முழுதாக அழித்துவிட்டு, பெயர் வரிசையில் மறுபடி ஏற்றலாம். அல்லது பதிவேட்டையே வரிசைப்படுத்தி எழுதும் சிறு நிரல்களைப் பயன்படுத்தலாம்; லினக்ஸில் ஃபேட்சார்ட், விண்டோஸில் டிரைவ்சார்ட். ஓட்டுவதற்கு முன் கார்டில் இருப்பது வெறும் நகல்தானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இதே பதிவேட்டில் இன்னொரு பொறி உண்டு. 2 ஜிபியும் அதற்குக் கீழும் உள்ள பழைய கார்டுகள் ஃபேட்16 முறையில் இருக்கும். கார்டைத் திறந்ததும் வரும் அதன் மூலக் கோப்புறையில் மொத்தம் 512 வரிகள்தான். நீண்ட பெயர் ஒவ்வொரு 13 எழுத்துக்கும் ஒரு வரி தின்னும், குறும்பெயருக்கு மேலும் ஒரு வரி. 40 எழுத்துப் பெயர் என்றால் ஐந்து வரி. நூறு பாட்டு ஏற்றியதும் பாதிக் கார்டு காலியாக இருக்கும்போதே இடமில்லை என்று சொல்லும். எல்லாவற்றையும் ஓர் உள் கோப்புறைக்குள் போட்டால் தீர்ந்தது.

டேக்கை மட்டும் பார்க்கும் ரகத்துக்குப் பழைய ஐபாட் நல்ல உதாரணம். அதற்குள் மறைந்திருக்கும் கோப்புறைகளின் பெயர் எஃப்00, எஃப்01 என்று போகும். பாட்டுகளுக்கு நாலெழுத்துப் பொருளற்ற பெயர்கள். அலமாரி என்பதே கிடையாது, எல்லாம் அட்டைதான். உங்கள் பிளேயர் அந்த ரகமாக இருந்தால் கோப்புறை பற்றிக் கவலையே வேண்டாம்.

இரட்டித்த கோப்புகளுக்கு வருகிறேன். தமிழ்ப் பெயர் உள்ள கோப்புகள்தானா இரட்டித்தவை, அதிலும் கொ, கோ, கௌ போன்ற எழுத்து வரும் பெயர்களா என்று பாருங்கள். “தோ” என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ஓகாரக் குறி ஒன்றாக, அல்லது ஏகாரக் கொம்பும் காலும் தனித்தனியாக. கண்ணுக்கு ஒரே “தோடி”, கணினிக்கு இரண்டு பெயர். பழைய மேக் கணினிகள் பெயர்களைப் பிரித்த வடிவில் சேமித்தன. சில தமிழ்த் தட்டச்சு முறைகளும் அப்படியே தட்டுகின்றன. பரிசோதனை எளிது. பெயர் மாற்றும் பெட்டியில் “தோ”வுக்குப் பின்னால் சுட்டியை வைத்துப் பின்னழிப்பு விசையை ஒரு தட்டு தட்டுங்கள். “த” என்று ஆனால் சேர்ந்த வடிவம், “தே” என்று ஆனால் பிரிந்த வடிவம். ஒன்றில் “த”, மற்றொன்றில் “தே” என்று வந்தால் குற்றவாளி அகப்பட்டான். எல்லாவற்றையும் சேர்ந்த வடிவுக்கு மாற்றிவிடுங்கள்.

மேக்கில் இயங்குபவராக இருந்தால் இன்னொரு இரட்டிப்பும் உண்டு. கார்டில் ஒவ்வொரு பாட்டுக்கும் பக்கத்தில், புள்ளியும் அடிக்கோடும் முன்னால் ஒட்டிய அதே பெயரில் நாலு கேபி கோப்பு ஒன்று பிறந்திருக்கும். பிளேயர் அதையும் பாட்டென்று நினைத்துத் திணறும். தைரியமாகக் கார்டில் அழித்துவிடலாம்.

பெயர் சரியாக இருந்தும் ஒவ்வொரு முறையும் எல்லாம் மறுபடி ஏறுகிறது என்றால் நேரத்தைச் சந்தேகியுங்கள். ஃபேட் முறை, கோப்பு மாறிய நேரத்தை இரண்டு விநாடிக்கு ஒரு தரம்தான் குறித்துக்கொள்ளும். கணினியில் 7 விநாடி என்றிருப்பது கார்டில் 8 ஆகும், ஒத்திசைவு மென்பொருள் இது வேறு கோப்பு என்று முடிவுகட்டும். ரோபோகாபி, ஆர்சிங்க், ஃப்ரீஃபைல்சிங்க் எல்லாவற்றிலும் இரண்டு விநாடி வித்தியாசத்தைப் பொருட்படுத்தாதே என்னும் வசதி உண்டு. ஃபேட் உள்ளூர் நேரத்தைத்தான் எழுதுகிறது என்பதால், கணினியைச் சிங்கப்பூர் நேரத்துக்கு மாற்றிவிட்டு ஒத்திசைத்தாலும் இரண்டரை மணி நேரம் பிசகி அத்தனையும் மறுபடி ஏறும். இந்த வம்பே வேண்டாம், கோப்பின் அளவை மட்டும் ஒப்பிடு என்று வைத்தால் அதில் ஒரு குழி இருக்கிறது. டேக்குக்குப் பின்னால் கொஞ்சம் வெற்றிடம் விட்டிருப்பார்கள், திருத்தங்கள் அதற்குள்ளேயே அடங்கிவிடும், கோப்பின் அளவு மாறாது. நீங்கள் இரவெல்லாம் உட்கார்ந்து திருத்திய பெயர்கள் பிளேயருக்குப் போகவே போகாது.

ஒத்திசைவு ஒருவழிப் பாதையாக இருக்கட்டும்: கணினியிலிருந்து பிளேயருக்கு. ஒருமுறை நான் அவசரத்தில் இடத்தையும் வலத்தையும் மாற்றிப் போட்டுவிட்டேன். அப்போதுதான் துடைத்திருந்த காலிக் கார்டு மூலமாகவும், கணினி நகலாகவும் ஆனது. மென்பொருள் சொன்னதைச் செய்தது. நாற்பது சொச்சம் கேசட்டுகளின் கோப்புகள் ஒரு டம்ளர் காபி குடித்து முடிப்பதற்குள் போயின. கேசட்டுகள் கையில் இருந்ததால் மறுபடி ஓட்டினேன். நாற்பது கேசட்டை ஓட்டுவதற்கு நாற்பது கேசட் நேரம் ஆகும். இப்போது எதையும் அழிக்கும் முன் ஒத்திகை பார்க்கும் வசதியை இயக்கிப் பட்டியலைப் படிக்கிறேன், மூலத்தைத் தனி வன்தட்டு ஒன்றிலும் வைத்திருக்கிறேன். பிளேயரில் இருப்பதைக் காப்பு நகல் என்று எண்ணாதீர்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. கச்சேரிகளை ஏற்கெனவே துண்டாக்கிவிட்டீர்கள். எம்பி3 ஒலியைச் சுமார் 26 மில்லி விநாடித் துண்டுகளாகவே கையாள்கிறது, அதனால் ஒவ்வொரு கோப்பின் தலையிலும் வாலிலும் சிறிது மௌனம் சேர்ந்துவிடும். சரிசெய்யும் குறிப்பைக் கோப்பிலேயே எழுதி வைக்கும் வசதி இருந்தும், சிறிய பிளேயர்கள் பலவும் அதைப் பார்ப்பதில்லை. ஆலாபனை, கிருதி, நிரவல், தனி ஆவர்த்தனம் என்று நாலாக வெட்டிய ஒரு காம்போஜி, மூன்று இடத்தில் விக்கும். நான் கைதட்டலில் மட்டும்தான் வெட்டுவேன். ஐம்பது நிமிடமானாலும் பிரதான உருப்படி ஒரே கோப்பு. அப்பாவின் கேசட்டுகள் இன்னும் ஓடுகிற நிலையில் இருந்தால், முக்கியமான பத்துப் பதினைந்து கச்சேரிகளையாவது மறுபடி ஓட்டி, சுருக்காத வடிவில் கணினியில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மணி நேரக் கச்சேரிக்குச் சுருக்காமல் ஏறக்குறைய 1.9 ஜிபி ஆகும். அதிலிருந்து பிளேயருக்கு 128 கேபிபிஎஸ் எம்பி3 எடுத்தால் 173 எம்பி. சபாவில் மடியில் வைத்துப் பிடித்த கேசட் ஒலிக்கு அது தாராளம். 32 ஜிபி கார்டில் நூற்றெண்பது கச்சேரி அடங்கும். ஆனால் இப்போது கையில் இருக்கும் எம்பி3யை மறுபடி எம்பி3யாகச் சுருக்காதீர்கள், சேதம் தம்புரா சுருதியில் முதலில் தெரியும்.

ஒன்பதாயிரத்தையும் ஒரே வாரத்தில் தொடாதீர்கள். ஒரு கச்சேரி, ஒரு படம் இரண்டை மட்டும் மேலே சொன்னபடி சரிசெய்து பிளேயரில் ஏற்றுங்கள். அ, ஆ, இ சோதனையில் என்ன வரிசை வந்தது, பிளேயரின் மாதிரி எண் என்ன, கார்டு எத்தனை ஜிபி என்ற மூன்றையும் இங்கே எழுதினால் மேற்கொண்டு சொல்கிறேன்.